ஒரு சடை பின்னுகிற நேரம்

புதிதாக டிக்கெட் மேஜைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று உங்களில் இரண்டு பேர் கேட்டீர்கள். பேனாவால் பார்த்தோம். தடித்த அட்டவணைப் புத்தகம் வரும், அதைப் பார்த்து எழுதுவோம், தந்தி அடிப்போம், பதில் வரும். அதில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லி உங்கள் பொழுதை வீணாக்கப் போவதும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஊரிலிருந்து அந்த ஊர் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று ஒருவர் வந்து கேட்கிறார். நீங்கள் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதில் தெரிகிற எண்ணை அப்படியே எடுத்து நீட்டுகிறீர்கள். அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும்போது எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடுகிறது. ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைக் கிழவி என்று திட்டிக்கொள்ளலாம்.

அறுபதுகளில் நான் வேலை பார்த்தது விருதுநகர் பஜாரில். பருத்தியும் மிளகாய் வற்றலும் கப்பலுக்கு அனுப்புகிற, கூடவே பயண டிக்கெட்டும் போடுகிற ஏஜென்சி அது. அதன் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், மேஜைக்குப் பின்னால் நான். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள், இங்கிலீஷில் டைப் அடிப்பாள் என்பதுதான் எனக்கிருந்த தகுதி. விமானத்தை வானத்தில் பார்த்திருக்கிறேன், ஏறினது கிடையாது. ஆனால் பினாங்குக்குக் கப்பலேறும் வியாபாரிகளுக்கும், லண்டன் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகும் எங்கள் சபைப் பெண்களுக்கும், ஆர்டர் பிடிக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பறக்கும் சிவகாசிக்காரர்களுக்கும் நான்தான் டிக்கெட் போட்டேன். டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே, பெட்டியில் பட்டாசு இருக்கிறதா என்று கேட்ட ஆபீஸ் எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும். கேட்காமல் விட்டால், சாம்பிள் என்று சொல்லி வேட்டி மடிப்புக்குள் ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பை வைத்துவிடுவார்கள்.

சிவகாசியில் பெரிய அச்சாபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எங்களுக்கு நல்ல வாடிக்கை. காலண்டர் அடிப்பதில் பெயர் வாங்கியவர். கை கால் எல்லாம் மை, வாய் நிறையச் சிரிப்பு. அவருடைய மகன் ஜெர்மனியில் ஆப்செட் மெஷின் பழகிக்கொண்டிருந்தான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் எங்கள் விருதுநகர்தான், எண்ணெய் வியாபாரி மகள், பெயர் கற்பகம்.

மார்கழியில் ஒரு நாள் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து, தன்னுடைய அச்சாபீஸ் காலண்டரை விரித்துப் போட்டார். மேலே படம், நடுவில் தேதி, கீழே கட்டம் கட்டி ஒரு பட்டியல். பம்பாயிலிருந்து லண்டன் இத்தனை மைல், இத்தனை மணி நேரம், பிராங்பர்ட் இத்தனை, சிங்கப்பூர் இத்தனை என்று போட்டிருந்தது. வெளிநாட்டோடு தொடர்புள்ளவர்கள் சுவரில் மாட்டட்டும் என்று அந்த வருஷம்தான் புதிதாகச் சேர்த்திருந்தார்.

"டீச்சர் மகளே, இங்கன பாருங்க," என்றார். என் அப்பாதான் டீச்சர், ஆனாலும் அவருக்கு நான் கடைசிவரை டீச்சர் மகள்தான். "பிராங்பர்ட்ல ஏறினா பம்பாய். பம்பாய்ல ஏறினா மெட்ராஸ். மெட்ராஸ்ல ஏறினா மதுரை. எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டேன். நம்ம ஊர்ல ரயிலேறி மெட்ராஸ் போறதுக்கு எம்புட்டு நேரமோ, அதுக்கு மேல சித்த நேரம். அம்புட்டுத்தான் ஜெர்மனி."

புதன்கிழமை காலை முகூர்த்தம். வாங்கப் போகிற மெஷினைத் திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் பையன் அங்கிருந்து கிளம்ப முடியும். திங்கள் மாலை ஏறினால் செவ்வாய் அதிகாலை பம்பாய், அன்று மாலைக்குள் மதுரை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு சிவகாசி. இதுதான் அண்ணாச்சியின் கணக்கு.

"அண்ணாச்சி, இது பறக்கிற நேரம் மட்டும்தான்," என்றேன். "பம்பாயில் இறங்கிச் சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டணும். அடுத்த விமானம் இவருக்காக நிக்காது. ஒரு நாளாவது முந்தி வரச் சொல்லுங்க. இல்லைன்னா முகூர்த்தத்தைத் தள்ளி வைங்க."

"மெஷினைப் பாக்காம எப்பிடிம்மா வருவான்? முகூர்த்தத்தையும் தள்ள முடியாது. பொண்ணு வீட்ல ஒத்துக்கிட மாட்டாக." பிறகு காலண்டரைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நம்ம பிரஸ்ல அடிச்சதும்மா. தப்பா இருக்குமா?"

பட்டியலில் ஒரு எண்ணும் தப்பில்லை, அதுதான் சங்கடம். எங்கள் மேலாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார், நல்ல வாடிக்கையோடு வாதாடாதே என்று. பம்பாயில் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் போட்டேன். அதற்கு மேல் விட அந்தக் கணக்கில் இடம் இல்லை.

பெண் வீட்டார் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குத் தெரிந்தது. கற்பகமே ஆபீசுக்கு வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். பத்திரிகை கொடுக்கிற சாக்கில் வந்தவள், துணைக்கு வந்த வேலைக்கார அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு என் மேஜைமேல் குனிந்தாள்.

"எஸ்தர் அக்கா, அவுக வந்துருவாகளா? அப்பாகிட்ட கேட்டா காலண்டரைக் காட்டுதாக."

நான் டிக்கெட் நகலை எடுத்துப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள். "ஏற்கெனவே எனக்குப் பேசி, பூ வச்சு, நின்னு போனது உங்களுக்குத் தெரியும்லா. இதுவும் முகூர்த்தம் தவறிச்சுன்னா ராசியில்லாதவன்னு என்னைய மட்டும் சொல்ல மாட்டாக. எனக்கு அடுத்து ரெண்டு தங்கச்சி இருக்காளுக."

"வந்துரணும்," என்றேன். "வந்துருவார்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா எதுவானாலும் உனக்கு முதல்ல சொல்றேன்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நான் ஏன் அப்படி வாக்குக் கொடுத்தேன் என்று எனக்கே புரியவில்லை. மேலாளர் காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பம்பாயிலிருந்து டிரங்க் கால் வந்தது. அங்கே எங்களுக்கு உதவி செய்கிற ஆபீஸ்காரர் பேசினார். மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார், ஆனால் சென்னை விமானத்தை விட்டுவிட்டார். காரணம் கேட்டேன். பெட்டியில் மெஷினுக்குப் போடுகிற ரப்பர் ஷீட் நாலு, மை டப்பா ஆறு, பித்தளையில் என்னவோ உருளை ஒன்று. சுங்கக்காரர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது என்ன, அது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை அது. இவரும் ஆசையாக ஆப்செட் அச்சைப் பற்றி விளக்கம் சொல்லியிருக்கிறார். விளக்கம் முடிவதற்குள் விமானம் பறந்துவிட்டது.

இதெல்லாம் எதற்குக் கொண்டுவந்தார் என்று கேட்கிறீர்களா? அண்ணாச்சி கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார், வரும்போது கையோடு கொண்டு வா என்று. தாலி கட்ட வருகிற மகனிடம் ரப்பர் ஷீட் வாங்கி வரச் சொல்லும் தகப்பனைச் சிவகாசியைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அதே சாமான் மெஷினோடு கப்பலில் சாவகாசமாக வந்திருக்கும்.

தகவல் போய் அண்ணாச்சி காரில் ஓடி வந்தார். சாயங்காலம் சென்னைக்கு ஒரு விமானம் இருந்தது. சென்னையில் இறங்கி ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் வந்தாலும் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் விருதுநகர் வர வழியில்லை. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அடுத்த நாள் மதுரை விமானத்தை நினைக்கவே வேண்டாம். மேலாளர் அட்டவணைப் புத்தகத்தில் சென்னைப் பக்கத்தையே மறுபடி மறுபடி புரட்டினார். வேறென்ன செய்வார்? எங்கள் ஊரில் விமானம் என்றாலே மெட்ராஸ் என்றுதான் புத்தி போகும், கோர்ட்டு என்றாலும் மெட்ராஸ், பெரிய டாக்டர் என்றாலும் மெட்ராஸ்.

எனக்கு உட்காரப் பிடிக்காமல் வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்ச் சாரியில் ஒரு லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி பண்டல், கொல்லத்துக்குப் போகிற லோடு. தினமும் பார்க்கிற லாரிதான். சிவகாசிச் சரக்கு ராஜபாளையம், செங்கோட்டை வழியாக மலையேறி அந்தப் பக்கம் இறங்குகிறது. சரக்கு போகிற வழியில் மாப்பிள்ளை வரக்கூடாதா என்று அப்போதுதான் தோன்றியது.

உள்ளே ஓடிப்போய் மேலாளர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பம்பாயிலிருந்து கொச்சி வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஒரு விமானம் இருந்தது. இடமும் கிடைத்தது. சாயங்காலம் அங்கே இறங்கினால், கார் வைத்து ராத்திரி பதினோரு மணிக்குள் சிவகாசி. அண்ணாச்சிக்குத் திருவனந்தபுரத்தில் காலண்டர் விற்கிற ஏஜென்ட் இருந்தார், அவருக்கு அவசரத் தந்தி அடித்துக் கார் ஏற்பாடு செய்தோம். அண்ணாச்சி என் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும் தாயி," என்றார். அடுத்த மூச்சில், "பொண்ணு வீட்டுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். வந்துட்டான், அசதியில தூங்குதான்னு சொல்லிப்புடுதேன்," என்றும் சொன்னார்.

நானும் கற்பகத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. ராத்திரி வந்துவிடுவார், பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது என்ற தைரியம்தான்.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே பந்தலுக்குப் போய்விட்டேன். அவர்கள் குடும்பங்களில் மாப்பிள்ளை அழைப்பு கல்யாணத்தன்று காலையில்தான். சிவகாசியிலிருந்து காரில் வந்து பிள்ளையார் கோயிலில் இறங்கி, அங்கே உடுத்திக்கொண்டு மேளத்தோடு பந்தலுக்கு வருவார் மாப்பிள்ளை. பந்தலில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பட்டு வேட்டியில், வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கையை இறக்காமலே பக்கத்தில் வந்தார்.

"இன்னும் வரலை தாயி. ஒரு சேதியும் இல்லை. கோயில்ல உடுத்திக்கிட்டு இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். டிரைவரை ராஜபாளையம் ரோட்டுல தேடிப் போகச் சொல்லியிருக்கேன்." அந்த மனுஷன் சிரிக்காமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நான் போட்ட வழி, நான் போட்ட நேரம், ஆள் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது அண்ணாச்சிக்குச் செய்கிற மரியாதை. அவர் எங்கள் வாடிக்கை. ஆனால் என்னிடம் வந்து விவரம் கேட்டவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பணம் கட்டியது அவர், பயணம் செய்கிறவர் இன்னொருவர். அந்தப் பயணம் தவறிப்போனால் அதன் பலனைச் சுமக்கப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் நான் எதை மறைத்தாலும் அது அவள் தலைமேல்தான் விழும். உள்ளே போனேன்.

அலங்காரம் முடிந்து தயாராக இருந்தாள் கற்பகம். அரும்பு அரும்பாக வைத்துத் தைத்த பூச்சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது. புடவை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து அவள் காதில் சொன்னேன். பம்பாயில் விமானத்தை விட்டது, திருவனந்தபுரம் வழி, கார், இன்னும் வரவில்லை, எல்லாவற்றையும். வருவார் என்று நம்புகிறேன், எப்போது என்று தெரியாது என்றேன்.

அவள் அழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "இப்ப முகூர்த்தம் தொடங்கப் போகுது. மாப்பிள்ளையை அழைச்சிட்டு வாங்கன்னு அப்பா சொல்லுவாக. ஆளு இல்லைன்னு அப்பதானே தெரியும்?"

"ஆமாம்."

"பொண்ணு இன்னும் தயாராகலைன்னா?"

எனக்குப் புரிவதற்குள் அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் சடையின் நுனியில் இருந்த நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள். அரும்புகள் பாயில் கொட்டின.

"சித்தி," என்று சத்தமாகக் கூப்பிட்டாள். "இந்தச் சடை கோணலா இருக்கு. பூரா அவுத்துட்டு திரும்பத் தைங்க."

சித்தி ஓடி வந்து நெஞ்சில் கை வைத்தார். "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? நேரம் என்ன ஆகுது?"

"கோணச் சடையோட நான் மணையில உக்கார மாட்டேன்."

பிறகு நடந்ததைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். அத்தைமார் திட்டினார்கள், அம்மா கெஞ்சினார், அப்பா கதவுக்கு வெளியே நின்று கத்தினார். ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, கேட்க யாருக்கும் நேரம் இல்லை. ஊர் முழுக்கப் பெண்ணின் சடையைப் பற்றியே பேசியது. கற்பகம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாதி தைத்தபோது, இந்தப் பக்கம் அரும்பு பெரிசாகிவிட்டது என்று மறுபடி பிரிக்கச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தேன். யாரும் பார்க்காதபோது அவள் கை என் கையைப் பிடித்தது.

ஏழு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் வெளியே மேளம் மாறியது. மாப்பிள்ளை அழைப்பு மேளம். கற்பகம் கண்ணை மூடித் திறந்து, "போதும் சித்தி, இப்ப நேரா இருக்கு," என்றாள்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த கார் ஆரியங்காவு ஏற்றத்தில் கொதித்து நின்றுபோயிருக்கிறது. ராத்திரி முழுக்க மலையில் நின்ற மாப்பிள்ளையை, கொல்லத்தில் தீப்பெட்டி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய சிவகாசி லாரி ஒன்று ஏற்றிக்கொண்டு வந்தது. ஜெட் விமானத்தில் கடல் தாண்டியவர் கடைசியில் கோட்டு சூட்டோடு லாரியின் முன் சீட்டில் பிள்ளையார் கோயில் வாசலில் வந்து இறங்கினார். கிணற்றில் நாலு வாளி தண்ணீர், பட்டு வேட்டி, மாலை. முகூர்த்தத்துக்கு மிச்சம் இருந்த நேரத்தில் தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது நான் அழுதேன். அட்சதையை யார்மேல் போட்டேன் என்றே தெரியாது.

அன்றிலிருந்து கற்பகத்துக்கு ஊரில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அலங்காரப் பைத்தியம், தாலி கட்டுகிற நேரத்தில் சடையை அவிழ்த்தவள். அவள் மாமியார் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், "என் மருமகளை முந்தின நாளே உடுத்தச் சொல்லணும்," என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். கற்பகமும் சிரிப்பாள். ஒரு நாளும் அவள் மறுத்துச் சொன்னதில்லை.

இத்தனை வருஷம் நான் உண்மையைச் சொல்லாமல் விட்டதும் அவள் கேட்டுக்கொண்டதால்தான். அதற்குப் பதிலாக என் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். யார் வந்து எத்தனை மணி நேரம் என்று கேட்டாலும், போய் இறங்கினதும் அங்கே என்ன காரியம் என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் காரியத்துக்குத் தகுந்தபடி நடுவில் சும்மா இருக்கிற நேரம் வைப்பேன். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், இத்தனை நேரம் பம்பாயில் உட்கார்ந்து என்னம்மா செய்ய என்பார்கள். முணுமுணுக்கட்டும். நாம் வைக்கத் தவறுகிற ஒரு மணி நேரத்தை வேறு யாரோ எங்கேயோ தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. அது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கதை இங்கே முடியவில்லை. அந்த வருஷக் காலண்டர் சீசன் முடிந்து, மார்கழியில் அண்ணாச்சி வழக்கம்போலப் புதுக் காலண்டரோடு ஆபீசுக்கு வந்தார். கூடவே சாத்தூர் சேவு ஒரு பொட்டலம். எதுவும் தெரியாத வெள்ளந்தி மனுஷர் என்றுதான் அதுவரை அவரைப் பற்றி நினைத்திருந்தேன். பந்தலில் கும்பிட்டுக்கொண்டு நின்றவருக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும்?

காலண்டரைச் சுவரில் மாட்டப் போனேன். கீழே அதே கட்டம், அதே மைல், அதே மணி நேரம். கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது. 'மேற்கண்டது பறக்கும் நேரம் மட்டுமே. சடை பின்னும் நேரம் தனி.'

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கடைசி வரியில ஏதோ பிழை விழுந்திருக்கே. கவனிக்கலையா?"

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"நம்ம பிரஸ்ல அடிச்சதும்மா," என்றார். "தப்பா இருக்குமா?"